கம்பிரஸரை மாற்றுமுன் காரணத்தைத் தேடுங்கள்

(கிள்ளானில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



மங்கில் பால் குறைந்தால் நாம் மரத்தைச் சாய்த்துவிடுவதில்லை. கத்தி மழுங்கியதா, பட்டை காய்ந்ததா என்று பார்க்கிறோம். ஆனால் வண்டியில் ஏர்கண்டிஷன் நின்றதும், “கம்பிரஸர் போயிற்று” என்று பட்டறைக்காரர் சொன்ன மாத்திரத்தில் வெள்ளியை எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். இது சரியா?

1948-ல் வெளிவந்த லேண்ட்ரோவர் நம் செம்மண் சடக்குகளுக்குப் புதிதல்ல. அன்று அதில் துரைமார் ஏறினார்கள். இன்று பழைய லேண்ட்ரோவரையும் லேண்ட்குரூசரையும் நம் பிள்ளைகள் வாங்கிச் சாமான் ஏற்றிப் பிழைக்கிறார்கள். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்குப் போகும் வழியில், பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில், உச்சிவெயிலில் நோயாளியோடு நிற்பவருக்குக் குளிர்காற்று ஆடம்பரமல்ல.

என் பழைய வண்டியில் கம்பிரஸர் இறுகிப் போயிற்று. ஒரு பட்டறையில் புதியதைப் பூட்டினார்கள். மூன்றே மாதத்தில் அதுவும் இறுகியது! காரணம் யாதெனில், பழையது தேய்ந்தபோது உதிர்ந்த உலோகத்தூள் குழாய்களில் தங்கியிருந்தது; ஒருவரும் கழுவவில்லை. ஆசிட் ஒட்டிய வாளியில் புதுப்பாலை ஊற்றிய கதைதான்.

ஆகவே முதலில் நோயை அறிவோம். கம்பிரஸரின் முகப்பில் கிளட்ச் இருக்கிறது. இஞ்சின் ஓடும்வரை பெல்ட்டினால் கப்பி சுழன்றுகொண்டே இருக்கும். சுவிட்சைப் போட்டதும் கம்பிச்சுருள் காந்தமாகி, முன்தட்டைக் கப்பியோடு இழுத்துப் பிடிக்கும். ‘டக்’ என்று கேட்பது அதுதான். அப்போதுதான் கம்பிரஸர் வேலை செய்யும்.

‘டக்’ ஓசை இல்லையா? முதலில் பியூசையும் வயரையும் பாருங்கள். கேஸ் குறைந்தாலும் பிரஷர் சுவிட்ச் மின்சாரத்தை நிறுத்திவிடும். ஏர்கண்டிஷனை அணைத்தபின்னும் இரைச்சல் வருகிறதா? கப்பியின் பேரிங் தேய்ந்திருக்கக்கூடும். இஞ்சினை நிறுத்தி முன்தட்டைக் கையால் சுற்றுங்கள். தடையின்றிச் சுற்றி, கசிவும் இல்லையென்றால், பெரும்பாலும் கிளட்சை மாற்றினாலே போதும்; கேஸ் குழாயைத் திறக்க வேண்டியதில்லை.

பழைய வண்டிகள் பலவற்றில் உள்ள சாண்டன் கம்பிரஸரில் தட்டுக்கும் கப்பிக்கும் இடைவெளி 0.4 முதல் 0.8 மில்லிமீட்டர் வரை இருத்தல் வேண்டும். தேய்ந்து அகன்றால், காலையில் வேலை செய்யும். சூடேறிய நடுப்பகலில் காந்தத்துக்கு இழுக்க வலுவிராது. உள்ளே இருக்கும் மெல்லிய வளையத் தகட்டைக் கொண்டு இடைவெளியைச் சரிசெய்யலாம். முன்தட்டைப் புல்லர் கொண்டு கழற்றுங்கள், சுத்தியலைத் தொடாதீர்கள்.

கம்பிரஸர் இறுகியதே உண்மையானால், குழாய்களைக் கழுவ வேண்டும். கழுவ முடியாத கண்டென்சரை மாற்ற வேண்டும். டிரையரும் ரப்பர் வளையங்களும் புதியவையாக இருக்க வேண்டும். எண்ணெயை அளந்து ஊற்றி, வாக்குவம் பம்பினால் குறைந்தது அரைமணி நேரம் காற்றையும் ஈரத்தையும் இழுத்த பிறகே கேஸ் ஏற்ற வேண்டும்.

1990-க்கு முந்திய வண்டிகளில் இருந்தது ஆர்-12 கேஸ். அது வானத்து ஓசோன் படலத்தை அரிப்பதால், 1987-ல் மாண்ட்ரியல் உடன்படிக்கை பிறந்தது. மலேசியா 1989-ல் அதில் சேர்ந்தது. பின்னர் வந்தது ஆர்-134ஏ. இரண்டுக்கும் எண்ணெய் வேறு, கலக்கக் கூடாது. எந்தக் கேஸையும் காற்றில் திறந்துவிடாதீர்கள். கண்ணில் பட்டால் உறைந்து புண்ணாகும். அதை யந்திரத்தால் இழுத்தெடுக்கும் வேலை பயிற்சி பெற்றவருடையது.

தோழர்களே! சம்பளச் சீட்டைப் படிக்காமல் கையொப்பமிடாதே என்று சங்கம் நமக்குக் கற்பித்தது. பட்டறைச் சீட்டையும் அவ்வாறே படியுங்கள். பழைய கம்பிரஸர் ஏன் கெட்டது? குழாயைக் கழுவினீர்களா? டிரையர் புதிதா? இந்த மூன்றையும் கேளுங்கள்; கழற்றிய சாமானைத் திருப்பிக் கேளுங்கள். கேட்பது அவமரியாதையல்ல, உழைத்த பணத்துக்குக் காவல்.