மனையும் வசதியும் பத்திரமும்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

கல்விச் சங்கத்தின் விழாவில் வீட்டுமனையைப் பற்றிப் பேசுவது எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். பிள்ளை படிக்க வேண்டுமானால் விளக்கு வேண்டும்; விளக்கு எரியக் கூரை வேண்டும்; கூரை நிலைக்கக் காலடி மண் நமதாக இருக்க வேண்டும். ஆகவே இதுவும் கல்வியைப் பற்றிய பேச்சே ஆகும்.

நம் முன்னோர் உழைத்த நிலம் மட்டுமன்றி, குடிசை நின்ற இடமும் பல ஊர்களில் பிறருக்கே உரியதாக இருந்தது. கூலி உயர்த்திக் கேட்டால், "குடிசையைப் பிரித்துக்கொண்டு போ" என்ற ஒரு சொல் போதும். செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், 1891ஆம் ஆண்டு அரசுக்கு அளித்த அறிக்கையில் இந்நிலையை எடுத்துரைத்தார். பின்னர் 1920களில் தொழிலாளர் துறை, மனைக்கென நிலம் வாங்கி, கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகத் தவணை முறையில் நம் மக்களுக்கு அளித்தது. 1971இல் குடியிருப்பு உரிமைச் சட்டம் வந்தது. ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்கு நிலம் எடுப்பதற்கென்றே 1978இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. காலடி மண்ணுக்காக ஒரு நூற்றாண்டுக் காலம் நாம் நடந்திருக்கிறோம்.

எனினும், மனை கிடைத்தால் மட்டும் போதுமா? எத்தனையோ காலனிகளில் பட்டா தரப்பட்டது, பாதை தரப்படவில்லை. மழை பெய்தால் நீர் தேங்கும் பள்ளமே மனையாக அளந்து விடப்பட்டது. ஊருக்கு வெளியே, ஊரார் வேண்டாமென்று ஒதுக்கிய மண்ணே நம் பங்காயிற்று.

இதற்கு மாறான ஒரு முயற்சியைச் சென்னை நகரம் கண்டது. உலக வங்கியின் கடனுதவியுடன் 1977இல் தொடங்கிய சென்னை நகர வளர்ச்சித் திட்டத்தின் கீழ், அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூர் ஆகிய இடங்களில் மனைப் பிரிவுகள் அமைக்கப்பட்டன. சாலை, குடிநீர்க் குழாய், கழிவுநீர்ப் பாதை, மின்சாரம் ஆகியவற்றுடன் சிறு மனைகள் தவணை முறையில் அளிக்கப்பட்டன. பெரிய மனைகளையும் கடை மனைகளையும் கூடுதல் விலைக்கு விற்று, அந்த வருவாயால் ஏழைகளின் மனை விலையைக் குறைத்தார்கள். வீட்டை அரசு முழுவதும் கட்டித் தரவில்லை. குடும்பத்தார் முதலில் ஓர் அறை கட்டினர். கையில் பணம் சேர்ந்தபோது மற்றோர் அறை. பிள்ளைகள் தலையெடுத்தபின் மாடி. ஒதுக்கீட்டின் அடிப்படை வருமானப் பிரிவு. ஊர் என்றும் சேரி என்றும் அங்கே கோடு கிழிக்கப்படவில்லை. இது சிறிய செய்தி அன்று.

பிற்காலத்தில் நடந்ததையும் நாம் மறத்தலாகாது. கூவம், அடையாறு முதலிய ஆற்றங்கரைகளில் வாழ்ந்த பல குடும்பங்கள் 2000ஆம் ஆண்டு முதல் கண்ணகி நகருக்கும், பின்னர் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்திற்கும் கொண்டு செல்லப்பட்டன. அங்கே கட்டி முடித்த வீடு இருந்தது. ஆனால் வேலை பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. பள்ளியும் மருத்துவமனையும் நெடுநாள் கழித்தே வந்தன. வீடு தந்தும் வாழ்வைத் தொலைவில் வைத்தால் அது முழு உதவியாகாது.

ஆகவே நாம் கேட்க வேண்டியவை மூன்று. பிழைப்புக்கு எட்டும் தூரத்தில் மனை. குடியேறும் முன்பே நீரும் பாதையும் வடிகாலும். பெயரில் தெளிவான பத்திரம். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் நிலைப்பதில்லை.

மூன்றாவதைப் பற்றி இளைஞர்களுக்குச் சிறப்பாகச் சொல்ல விரும்புகிறேன். தவணை முழுவதும் கட்டியும் கிரயப் பத்திரம் வாங்காத குடும்பங்கள் உண்டு. ஒதுக்கீட்டு ஆணையும் பணம் கட்டிய ரசீதுகளும் தகரப் பெட்டியில் கிடக்கும்; பெரியவர் மறைந்தபின் வாரிசுகள் அலைவார்கள். அவசரத்திற்கு வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்து மனையை இழந்தவர்களும் உண்டு. அவர்களைக் குறை கூறுவதில் பயனில்லை. அந்தத் தாளைப் படித்துச் சொல்ல அருகில் ஆளில்லை என்பதே உண்மை.

அந்த ஆளாக நீங்கள் இருங்கள். இச்சங்கம் இருபத்தைந்து ஆண்டுகளாக உங்களுக்கு எழுத்தைத் தந்திருக்கிறது. வரும் ஞாயிறு முதல், படித்த இளைஞர் இருவர் இந்தக் கட்டடத்தில் ஒரு மேசை போட்டு அமருங்கள். ரசீதுகளை வரிசைப்படுத்துங்கள்; வில்லங்கச் சான்றுக்கு விண்ணப்பம் எழுதுங்கள்; பத்திரத்தில் இல்லத்தரசியின் பெயரும் இடம்பெற வழி கேளுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்திற்கும் சார்பதிவாளர் அலுவலகத்திற்கும் முதியவர்களுடன் நீங்களும் செல்லுங்கள். வெள்ளி விழாவுக்கு இதைவிடச் சிறந்த நினைவுச் சின்னம் வேண்டியதில்லை.