நந்தன் என்ன குற்றம் செய்தார்?



'இசை நாடகத்தில் கருணை' என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. மேல்நாட்டு ஆப்பராவில் எனக்குப் பழக்கம் குறைவு. டிப்ளோமா படித்தபோது ஒன்றைப் போட்டுக் காட்டினார்கள். மோட்சார்ட் 1791-இல் இசையமைத்த 'டைட்டஸின் கருணை'. தன்னைக் கொல்லச் சதி செய்த நண்பனையே ரோமாபுரி மன்னன் மன்னித்து விடுகிறான். பிராக் நகரில் இரண்டாம் லியோபோல்டு முடிசூடிய விழாவுக்காக உருவான நாடகம் அது. மன்னா, நீயும் இப்படி இரு என்று பாட்டிலேயே மனுப் போட்டு விட்டார்கள்!

நம்மிடம் கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனை இருக்கிறது. பண்ணையாள் நந்தன் சிதம்பரம் போக உத்தரவு கேட்கிறார். நாற்பது வேலி நிலத்தையும் ஒரே இரவில் நட்டு அறுத்து விட்டுப் போ என்கிறார் வேதியர். சிவகணங்கள் வந்து முடித்துக் கொடுக்கின்றன. விடிந்ததும் வேதியர் நந்தன் காலில் விழுகிறார். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் இந்த வேதியரே கிடையாது. 19ஆம் நூற்றாண்டில் தஞ்சைப் பக்கத்துப் பண்ணைகளைக் கண்ணால் பார்த்த பாரதியார் சேர்த்த பாத்திரம் அவர்.

இந்த இடத்தில் எனக்கு என் பாட்டி நினைவு வரும். குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் பால் வெட்டியவர். தைப்பூசத்திற்கு ஒரு நாள் லீவு கேட்டு, கங்காணி வீட்டு வாசலில் விடியற்காலையிலேயே போய் நிற்பாராம்.

டைட்டஸ் மன்னித்தது குற்றவாளியை. நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 42ஆவது விதிப்படி ஜொகூரில் தண்டனைக் கைதிகளுக்கு மன்னிப்பு வழங்கும் அதிகாரம் சுல்தான் அவர்களுக்கு உண்டு. அதுவும் தீர்ப்புக்குப் பிறகு வரும் கருணைதான். நந்தன் என்ன குற்றம் செய்தார்? சாமி கும்பிடப் போகிறேன் என்பவர் எதற்காகக் கருணை கேட்டு நிற்க வேண்டும்?

திருப்புன்கூரில் நந்தி விலகியது உண்மை. ஆனால் நந்தன் நின்ற இடம் மாறவில்லை. வெளியே நின்றுதான் பார்த்தார். சிதம்பரத்தில் நெருப்பில் இறங்கி எழுந்த பிறகே உள்ளே போக முடிந்தது. இதை இறைவனின் அருள் என்று பக்தியோடு கேட்கிறோம். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். ஆனால் அடைத்த கதவைப் பற்றியும் பேச வேண்டாமா?

1942-இல் வெளிவந்த தண்டபாணி தேசிகரின் 'நந்தனார்' படத்தைப் பாட்டியோடு உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். படம் முடிந்து நான் கண்ணைத் துடைத்துக் கொண்டிருந்தேன். பாட்டி வெற்றிலையை மடித்துக் கொண்டே கேட்டார்:

"அது கெடக்கட்டும் ஆயி, அந்த நாப்பது வேலி நெல்லும் யாரு வீட்டுக்குப் போச்சு?"