குறையில் பிறந்த ஆட்டம்



விழுப்புரத்தை அடுத்த காணையில், திண்ணையில் கரிக்கோடு கிழித்து ஆடுபுலி ஆட்டம் ஆடி வளர்ந்தவன் நான். மூன்று புலி, பதினைந்து ஆடு, சில கோடுகள். பொழுது போவதே தெரியாது.

ஜப்பானில் 1983-ஆம் ஆண்டு வெளிவந்த எம்.எஸ்.எக்ஸ். என்னும் வீட்டுக் கணிப்பொறியை எண்ணுந்தோறும் அத்திண்ணையே நினைவுக்கு வருகிறது. சோனி, தோஷிபா முதலிய நிறுவனங்கள் பலவும் ஒரே இலக்கணத்தின்படி அதனைச் செய்தன.

அதன் ஆற்றலோ சிறிது. அதன் இரண்டாம் தலைமுறைப் பொறியிலும், திரையின் ஒரு கிடைவரியில் நகரும் உருவங்கள் எட்டுக்கு மேல் தோன்ற இயலாது. அதற்கொரு போர் ஆட்டம் அமைக்க வந்தார் ஹிதேயோ கோஜிமா. பகைவரும் குண்டுகளும் ஒருங்கே திரண்டு தோன்றுவது எங்ஙனம்? போரிடுவதை விடுத்து, ஒளிந்து செல்வதையே அவர் ஆட்டமாக்கினார். 1987-இல் அவ்வாறு பிறந்ததே 'மெட்டல் கியர்'.

பழம்பொறிகளை இன்றும் தேடிப் போற்றுவோர் சுவைப்பது இந்நுட்பத்தையே. ஆட்டப்பேழையைச் செருகாது இயக்கினால், அப்பொறி 'பேசிக்' மொழியில் நம் கட்டளைக்குக் காத்து நிற்கும்; ஆடுவோனை ஆக்குவோனாகுமாறு அழைக்கும்.

வசதி வரட்டும், பிறகு படைப்போம் என்று நான் பல்லாண்டு காத்திருந்தேன், காலத்தை இழந்தேன். நீங்கள் காத்திராதீர்கள். கையிலுள்ள கரித்துண்டே போதும், கோட்டைக் கிழியுங்கள்.