குழந்தையின் விளையாட்டும் கோடீஸ்வரர்களின் வேட்டையும்

(பஞ்சாலைத் தொழிலாளர், விவசாயத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



கூலி, பஞ்சப்படி, போனஸ் என்று பேசி வரும் இந்த மேடையில் நாம் இன்று சின்னக் குழந்தைகளின் செல்போன் விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறோம். இதென்ன புதுக் கூத்து என்று சில தோழர்களுக்குத் தோன்றலாம். சற்றுப் பொறுமையாகக் கேளுங்கள். கூலிப் பிரச்னையில் குறுக்கே நிற்பது எதுவோ, அதுதான் இதிலும் குறுக்கே நிற்கிறது.

இரவு ஷிப்ட் முடிந்து வந்த தாய் அடுப்பில் உலை வைக்கிறாள். நாலு வயதுக் குழந்தை காலைக் கட்டிக்கொண்டு அழுகிறது. நடவுக்குப் போய் இடுப்பொடிந்து வந்தவள் வீட்டிலும் இதே கதைதான். என்ன செய்வாள்? "ஏ பி சி டி விளையாட்டு இருக்கு, பாரு கண்ணு" என்று செல்போனைக் கையில் கொடுக்கிறாள். அந்தத் தாயை நாம் குறை சொல்ல மாட்டோம். குறை சொல்கிற கனவான்கள் வீட்டில் ஆயா இருக்கிறாள். இரண்டு முதல் நாலு வயது வரையுள்ள குழந்தை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரைமுன் உட்காரக் கூடாது, அதிலும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் கூறியது. சரியான புத்திமதி. ஆனால் மீதி நேரம் குழந்தையோடு விளையாட வீட்டில் ஆள் வேண்டுமே! பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்குகிறவனுக்கு யார் புத்திமதி சொல்வது?

அது போகட்டும். குழந்தை கையில் போன அந்த விளையாட்டு எப்படிப்பட்டது? ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் ஆடும் 135 விளையாட்டுகளை எடுத்து அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் பரிசீலித்து, 2018இல் முடிவை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 95 விளையாட்டுகளில் ஏதோ ஒரு வடிவில் விளம்பரம் இருந்தது. படிப்பு சொல்லித் தருவதாகப் பெயர் சூட்டிக் கொண்டவையும் இதற்கு விலக்கல்ல. ஒரு டாக்டர் விளையாட்டில், காசு கொடுத்து வாங்க வேண்டிய சாமானைக் குழந்தை வாங்காமல் விட்டால், அதில் வரும் பொம்மை தலையை ஆட்டி அழுகிறது! சந்தையில் எத்தனையோ தரகர்களை நாம் பார்த்திருக்கிறோம். நாலு வயதுப் பிள்ளை முன் அழுது வியாபாரம் செய்த தரகனைப் பார்த்ததில்லை.

அப்படியானால் இந்த யந்திரமே கெட்டதா? இல்லை, தோழர்களே. தறி கெட்டதென்று நாம் என்றைக்காவது சொன்னோமா? தறி யார் கையில் இருக்கிறது என்பதுதான் நமது கேள்வி. பாலர் வகுப்புக் குழந்தைகளுக்கான கம்ப்யூட்டர் விளையாட்டு முதலில் எவர் கையில் பிறந்தது, பிறகு எவர் கைக்குப் போயிற்று என்பதைக் கேட்டால் உங்களுக்கே விளங்கும்.

அமெரிக்காவில் ஆன் பீஸ்ட்ரப் என்றொரு அம்மையார். முன்னாள் கன்னிகாஸ்திரீ, ஆசிரியை. ஒன்றாம் வகுப்பில் கறுப்பினக் குழந்தைகள் வாசிக்கக் கற்பதைப் பற்றி ஆராய்ந்து 1973இல் நூல் வெளியிட்டவர். குழந்தையின் வீட்டுப் பேச்சைத் தவறு, தவறு என்று இடைமறிக்கும் ஆசிரியரிடம் குழந்தை ஊமையாகிறது. அந்தப் பேச்சை மதித்து அதன் தாளத்தோடு சேர்ந்து நடத்தும் ஆசிரியரிடம் நன்றாக வாசிக்கிறது என்று அவர் கண்டார். சேரிப் பேச்சு என்று நம் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் ஏளனம் செய்ததை அனுபவித்த தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த அம்மையார் 1980இல் சில துணைவர்களுடன் சேர்ந்து 'லேர்னிங் கம்பெனி'யைத் தொடங்கினார். ஆரம்ப விளையாட்டுகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? அமெரிக்க சர்க்காரின் தேசிய அறிவியல் நிறுவன மானியத்திலிருந்து. அதாவது ஜனங்களின் வரிப்பணத்திலிருந்து. மூன்று வயது முதல் ஆறு வயது வரை உள்ளவர்களுக்கு ஒரு விளையாட்டு செய்தார்கள். குழந்தைக்கு எழுத்து தெரிய வேண்டியதில்லை. விசைப்பலகை முழுவதையும் மேல் பாதி, கீழ் பாதி என்று பிரித்து, மேல் பாதியில் எந்த விசையைத் தட்டினாலும் திரையில் மேலே நடக்கும். கீழ்ப் பாதியில் தட்டினால் கீழே நடக்கும். இடம், வலமும் அப்படியே. எவ்வளவு எளிய யோசனை! குழந்தையை அருகிலிருந்து பார்த்தவருக்கே இது தோன்றும்.

மினசோட்டா மாநிலத்திலோ, மாநில அரசே 1973இல் ஒரு பொது நிறுவனத்தை அமைத்தது. 'மெக்' என்று அதற்குச் சுருக்கப் பெயர். 1978இல் ஒரே ஒப்பந்தத்தில் 500 ஆப்பிள் கம்ப்யூட்டர்களை வாங்கிப் பள்ளிகளுக்குக் கொண்டு சேர்த்தது. பிராணிகளை எண்ணிப் பழகுவது, சொல்லின் முதல் எழுத்தைக் கண்டுபிடிப்பது என்று பாலர்களுக்கு விளையாட்டுகள் தயாரித்தது. சந்தா கட்டிய பள்ளிகள் அவற்றை வேண்டுமட்டும் நகல் எடுத்துக் கொள்ளலாம். அமெரிக்காவில்தான் இது நடந்தது, தோழர்களே. சோவியத் நாட்டில் அல்ல.

பிறகு என்ன ஆயிற்று? 1991இல் மாநில அரசு மெக் நிறுவனத்தை ஒரு முதலீட்டு நிதிக்கு விற்றது. விலை 52½ லட்சம் டாலர். ஐந்தே வருஷம். 1996இல் அதே நிறுவனம் சுமார் 37 கோடி டாலருக்குக் கைமாறியது. எழுபது மடங்கு! எண்ணும் பிராணிகளைச் செய்தவர்களின் சம்பளம் எழுபது மடங்கு ஏறியிருக்குமா? நீங்களே கணக்குப் போட்டுக் கொள்ளுங்கள். வாங்கியது சாப்ட்கீ எனும் கம்பெனி. அதற்குச் சற்று முன்பு, 1995 முடிவில், லேர்னிங் கம்பெனியையும் 60 கோடி டாலருக்கு மேல் கொடுத்து விழுங்கி, அதன் பெயரையே தனக்குச் சூட்டிக் கொண்டது. ஆராய்ச்சிச் செலவை வெட்டுவதும், மலிவாக அடித்துக் கடையில் குவிப்பதும் அதன் வழி. 1999இல் பார்பி பொம்மை முதலாளிகளான மேட்டல் கம்பெனியார் மொத்தத்தையும் சுமார் 350 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அந்த வருஷமே மினசோட்டா அலுவலகம் மூடப்பட்டது. மறு வருஷம், 2000இல், கைமேல் ஒரு டாலர்கூட வாங்காமல் அந்தக் கம்பெனியை இன்னொருவரிடம் தள்ளிவிட்டார்கள். வேலை போனவர்கள் வீட்டுக்குப் போனார்கள். பதவி விலகிய மேட்டல் தலைவிக்கு ஏறத்தாழ 5 கோடி டாலர் கிடைத்தது. நமது ஆலை மூடப்பட்டபோது பி.எப். பணத்துக்கு எத்தனை நாள் அலைந்தோம் என்பது இங்கே உட்கார்ந்திருப்பவர்களுக்கு நினைவிருக்கும்.

இன்றைய வழி இன்னும் தந்திரமானது. முதலில் 'இலவசம்' அல்லது 'சலுகை'. பிறகு மாதாமாதம் கணக்கிலிருந்து பணம் போய்க்கொண்டே இருக்கும். நிறுத்த வழி தெரியாது. பாலர்களுக்கான ஏபிசி மவுஸ் விளையாட்டை நடத்தும் கம்பெனி இப்படிப் பெற்றோரைச் சிக்கவைத்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் வழக்குப் போட, 2020இல் 1 கோடி டாலர் கட்டி சமரசம் செய்து கொண்டது. அங்கே கேட்க ஆணையமாவது இருந்தது. நம் பேங்கு கணக்கில் நூறு ரூபாய் குறைந்தால் நாம் யாரிடம் போய்க் கேட்பது?

வேறு வழி இல்லையா? உண்டு. பிரான்சில் புரூனோ குதுவான் எனும் பொறியாளர் 2000இல் 'ஜி-காம்ப்ரி' என்றொரு விளையாட்டுத் தொகுப்பைத் தொடங்கினார். 'எனக்குப் புரிந்துவிட்டது' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொற்களை வைத்து விளையாட்டாகச் சூட்டிய பெயர். இரண்டு வயது முதல் பத்து வயது வரைக்கும் நூற்றுக்கு மேற்பட்ட விளையாட்டுகள்; எண், எழுத்து, நிறம், மணி பார்ப்பது எல்லாம். பல நாட்டவர் கூடிச் செய்தது. விளம்பரம் இல்லை, சந்தா இல்லை. எவரும் நகல் எடுக்கலாம், திருத்தலாம். கேரளத்தில் 2001இல் தொடங்கிய பள்ளிக் கம்ப்யூட்டர் திட்டம் இத்தகைய சுதந்திர மென்பொருளின் மீதே வளர்ந்தது. பிற்பாடு ஆரம்ப வகுப்புகளுக்கு வந்த பாடநூலுக்கு 'களிப்பெட்டி', அதாவது விளையாட்டுப் பெட்டி, என்று பெயர் வைத்தார்கள்.

இதைச் சொன்னதால் அங்கன்வாடியில் மண்ணும் மரப்பாச்சியும் பாட்டும் வேண்டாமென்று நாம் சொல்வதாக எண்ண வேண்டாம். அவைதான் முதலில். அதைவிட முதலில் அங்கன்வாடி ஊழியருக்கு ஒழுங்கான சம்பளம். ஆனால் திரை என்று ஒன்று குழந்தை முன் வந்தே தீருமென்றால், அதில் தரகன் அழக் கூடாது.

ஞாயிற்றுக்கிழமை காலை சங்கக் கட்டடத்தில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அந்த விளையாட்டை ஏற்றி வைத்திருப்போம். குழந்தைகளை அழைத்து வாருங்கள். செல்போனையும் எடுத்து வாருங்கள். எந்த விளையாட்டு பணம் பிடிக்கிறது, அதை எப்படி நிறுத்துவது என்று வாலிபர் சங்கத் தோழர்கள் ஒவ்வொருவருக்கும் உட்கார்ந்து பார்த்துக் கொடுப்பார்கள்.