அருங்காட்சியகம் உள்ள சிற்றூர்

பிரேசில் நாட்டின் வடகிழக்கே, அட்லாண்டிக் கடற்கரையை விட்டு உள்ளே செல்லச் செல்ல மழை குறைந்து, முட்செடிகளும் கள்ளிகளும் மட்டுமே நிலைத்து நிற்கும் பெருநிலப்பரப்பைப் போர்ச்சுகீசிய மொழியில் செர்த்தாவ் என்பர். வறண்ட மாதங்களில் இலையனைத்தையும் உதிர்த்துச் சாம்பல் நிறமாகிவிடும் அந்நிலத்துப் புதர்க்காட்டிற்குத் துப்பிப் பழங்குடியினரின் மொழி இட்ட பெயர் காட்டிங்கா. வெண்காடு என்பது அதன் பொருள். 2019ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் நடுவர் குழுப் பரிசைப் பிரெஞ்சுப் படம் ஒன்றுடன் பகிர்ந்துகொண்ட 'பக்குராவ்' இவ்வெண்காட்டில் நிகழும் கதை. கிளேபர் மென்டோன்சா ஃபில்யோ, ஜூலியானோ டோர்னெலெஸ் ஆகிய இருவரும் இணைந்து எழுதி இயக்கிய அப்படம், பெர்னம்புக்கோ மாநிலத்தின் மேற்கே இருப்பதாகக் கற்பிக்கப்பட்ட ஒரு சிற்றூரில், இன்னும் சில ஆண்டுகள் கழித்து நடப்பதாகத் தொடங்குகிறது.

இன்றைய கேடுகள் முற்றிப்போன ஒரு நாளைக் கற்பனை செய்து காட்டும் புனைவை டிஸ்டோபியா என்னும் சொல்லால் திறனாய்வாளர் குறிப்பர். அவ்வகைப் படங்களில் பல, வானளாவிய மாநகரங்களையும் மனிதரை ஆளும் இயந்திரங்களையும் காட்டுபவை. இப்படத்திலோ எதிர்காலத்தின் முதல் அடையாளம், மேடுபள்ளமான சாலையில் ஊருக்குக் குடிநீர் ஏற்றிச்செல்லும் ஒரு தண்ணீர் லாரி. பாட்டி கார்மெலிட்டா தொண்ணூற்று நான்கு வயதில் இறந்த செய்தி கேட்டு ஊர் திரும்பும் தெரேசா, தடுப்பூசி மருந்துகள் நிறைந்த பெட்டியுடன் அந்த லாரியில்தான் வந்து சேர்கிறாள். வழியில் சவப்பெட்டிகள் சிதறிக் கிடக்கின்றன. அணை நீரை ஆயுதம் ஏந்தியவர்கள் காவல் காத்து, ஊருக்கு வராமல் தடுத்திருக்கிறார்கள். வேறொரு நாள் அதே லாரி, துப்பாக்கிக் குண்டுகள் துளைத்த ஓட்டைகளிலிருந்து நீர் பீறிட்டு ஒழுக ஊருக்குள் நுழைகிறது. அந்நிலத்தாருக்கு அது எத்தகைய காட்சி என்பதை அறிய அவர்களது வரலாற்றைச் சற்றே அறிய வேண்டும்.

1877ஆம் ஆண்டு தொடங்கி 1879 வரை நீடித்த பெருவறட்சியில் வடகிழக்குப் பிரேசிலில் இலட்சக்கணக்கானோர் பசியாலும் அம்மையாலும் மடிந்தனர். அதன்பின் அரசு அணைகளைக் கட்டியது, கிணறுகளைத் தோண்டியது, 1909ஆம் ஆண்டில் வறட்சித் தடுப்புக்கென்றே தனித்துறையும் அமைத்தது. ஆயினும் பொதுப்பணத்தில் வெட்டப்பட்ட நீர்நிலைகள் பல பெருநிலக்கிழாரின் வேலிக்குள்ளேயே அமைந்துவிட, ஏழையின் தாகம் தேர்தல்தோறும் வாக்காக மாற்றப்பட்டது. இந்த நடைமுறைக்கு அந்நாட்டார் இட்ட பெயர் 'வறட்சித் தொழில்'. இப்படத்தில் வாக்குக் கேட்டு வரும் மேயர் டோனி ஜூனியர், நூல்களைக் குப்பை போலச் சரக்கு வண்டியிலிருந்து பள்ளியின் முன் கொட்டிவிட்டு, காலாவதியான உணவையும் மனத்தை மந்தமாக்கும் மருந்துகளையும் விட்டுச்செல்கிறார். மருத்துவர் டொமிங்காஸ் அம்மருந்துகளின் தன்மையை ஊரார்க்கு எடுத்துச் சொல்லி எச்சரிக்கிறார். சோனியா பிராகா நடித்த இப்பாத்திரம், குடிபோதையில் சாவு வீட்டின் முன் கூச்சலிடுபவராகவும், பொழுது விடிந்தால் ஊரின் நோய் தீர்ப்பவராகவும் இருப்பது, ஏழை மக்களைப் புனிதர்களாக்கிக் காட்டும் வழக்கமான பரிவிலிருந்து இப்படத்தை வெகுதூரம் விலக்கி நிறுத்துகிறது.

நீரை அடுத்துப் பறிபோவது ஊரின் பெயர். ஆசிரியர் பிளீனியோ மாணவருக்குத் தம் ஊரைக் காட்டச் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறக்கிறார். அதில் அவ்வூர் இல்லை. அவரோ கலங்காமல் பள்ளியில் உள்ள தாள் வரைபடத்தை எடுத்துக் குழந்தைகளுக்குக் காட்டுகிறார். பின்னர் கைப்பேசிக்கு அலைவரிசை அறுகிறது, ஊருக்கு வெளியே ஒரு பண்ணைக் குடும்பம் முழுதும் கொல்லப்படுகிறது, இருளில் எவ்வளவு தூரம் செல்ல முடியும் என்று விளையாடிக்கொண்டிருந்த சிறுவன் ஒருவன் சுடப்பட்டு விழுகிறான். இவ்வரிசையில்தான் படத்தின் கூர்மை இருக்கிறது. கொலை முதலில் வரவில்லை. நீர், பெயர், குரல் ஆகியவை ஒவ்வொன்றாக நீக்கப்பட்ட பின்னரே வருகிறது. எவர் பதிவிலும் இல்லாத ஒருவனைக் கொன்றவனிடம் கணக்குக் கேட்பார் எவருமிலர்.

கொல்ல வந்தவர்கள், ஊடோ கீர் நடித்த மைக்கேல் என்பவரின் தலைமையில் பணம் கொடுத்து மனித வேட்டைக்கு வந்த வெளிநாட்டார். பழைய மாதிரித் துப்பாக்கிகளையே பயன்படுத்த வேண்டும் என்பது அவர்களது விளையாட்டு விதி. கொலைக்கு மதிப்பெண்ணும் உண்டு. அவர்களுக்கு வழிகாட்டியாக உதவும் இருவர் பிரேசிலின் வளம் மிக்க தென்பகுதியைச் சேர்ந்தவர்கள். தாங்கள் ஜெர்மானிய, இத்தாலியக் குடியேறிகளின் வழிவந்தவர்கள் என்றும், ஆகவே வடகிழக்கின் இம்மக்களைக் காட்டிலும் வெளிநாட்டாருக்கே நெருங்கியவர்கள் என்றும் அவர்கள் பெருமையுடன் சொல்ல, மேசையைச் சுற்றியிருந்த வேட்டைக்காரர்கள் அவர்களது முகத்தையே ஆராய்ந்து, நீங்கள் வெள்ளையரே அல்லர் என்று நகைத்துவிட்டுச் சிறிது நேரத்தில் சுட்டுக் கொல்கிறார்கள். தன் நாட்டு ஏழையைத் தாழ்த்தி அந்நியனோடு உறவு கொண்டாட முயலும் மேல்தட்டின் மனத்தை இவ்வளவு குறைந்த சொற்களில் காட்டிய காட்சி அண்மைக்காலத் திரைப்படங்களில் அரிது. இவ்விருவரும் ஊருக்குள் வந்தபோது கடைக்காரப் பெண்ணிடம், இவ்வூரில் பிறந்தவர்களை என்னவென்று அழைப்பார்கள் என வினவியிருந்தனர். அருகிலிருந்த சிறுவன் தயங்காமல் கூறிய விடை, "மனிதர்கள்" என்பது. ஊரின் பெயர் எதைக் குறிக்கிறது என்றும் அவர்கள் கேட்டனர். தமிழில் பக்கி எனப்படும் இரவுப்பறவையின் பெயர் அது. அழிந்துபோன இனமா என்ற கேள்விக்கு, இங்கே அழியவில்லை, இரவில் மட்டுமே வெளிவரும் என்ற மறுமொழி கிடைக்கிறது. ஊர் அருங்காட்சியகத்தைப் பார்க்க வந்தீர்களா என்று ஊரார் அன்போடு கேட்டதை மட்டும் அவர்கள் பொருட்படுத்தவில்லை.

அந்த அருங்காட்சியகம்தான் இக்கதையின் அச்சாணி. பழைய துப்பாக்கிகளும் ஒளிப்படங்களும் செய்தித்தாள் நறுக்குகளும் மாட்டப்பட்ட அச்சிறு கட்டடத்தின் சுவர்களில் செர்த்தாவின் கிளர்ச்சி வரலாறு தொங்குகிறது. பாகியா மாநிலத்தின் உட்பகுதியில் அந்தோனியோ கொன்செலேய்ரோ என்னும் துறவியைச் சுற்றித் திரண்ட ஏழைகள் கனூடோஸ் என்ற குடியிருப்பை அமைத்தபோது, புதிய குடியரசு 1896, 1897 ஆண்டுகளில் நான்கு முறை படை அனுப்பியது. முதல் மூன்று படைகளும் தோற்றுத் திரும்ப, நான்காவது படை ஊரையே தரைமட்டமாக்கியது. நோயுற்று முன்பே இறந்திருந்த துறவியின் உடலைத் தோண்டியெடுத்துத் தலையை அறுத்து ஆராய்ச்சிக்கெனக் கடற்கரை நகரமான சால்வடோருக்குக் கொண்டுசென்றனர். அதே நிலத்தில் கங்காசேய்ரோ எனப்பட்ட ஆயுதக் குழுக்களின் புகழ்பெற்ற தலைவன் லாம்பியாவ், 1938ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் தன் துணைவி மரியா போனிட்டாவுடனும் கூட்டாளிகளுடனும் கொல்லப்பட்டபோது, பதினொரு தலைகள் படிக்கட்டில் வரிசையாக அடுக்கிப் படம் பிடிக்கப்பட்டன. அவற்றுள் லாம்பியாவின் தலையும் மரியாவின் தலையும் 1969ஆம் ஆண்டுவரை அடக்கம் செய்யப்படவில்லை. செர்த்தாவின் மனிதர் கடற்கரை நகரத்து அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக வைக்கப்பட்ட வரலாறு இது. இப்படம் அதைத் தலைகீழாக்குகிறது. இங்கே அருங்காட்சியகம் செர்த்தாவின் கையில் இருக்கிறது.

வேட்டைக்காரர்கள் ஊருக்குள் நுழையும்போது தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. மக்கள் பள்ளிக்குள் பதுங்கியிருக்கிறார்கள். அணையருகே தலைமறைவாக வாழ்ந்த லுங்கா என்னும் கிளர்ச்சியாளர் அழைத்துவரப்பட்டிருக்கிறார். அருங்காட்சியகச் சுவரில் துப்பாக்கிகள் இருந்த இடங்கள் காலியாக உள்ளன. இறுதியில் வேட்டைக்காரர்களின் தலைகள் தெருவில் வரிசையாக வைக்கப்படுகின்றன. 1938ஆம் ஆண்டின் ஒளிப்படத்தை அறிந்தவர் அவ்வரிசையின் பொருளை உடனே உணர்வர். ஆயினும் இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: அத்தலைகளைக் கண்டு திரையரங்கம் ஆரவாரிக்கும்போது, இழிவுக்குப் பதில் இழிவு என்ற எல்லைக்கு மிக அருகில் படம் சென்று நிற்கிறது. லுங்காவே, அளவு மிஞ்சிவிட்டதோ என்று ஆசிரியரிடம் கேட்கும் ஒரு கணத்தை இயக்குநர்கள் வைத்திருப்பது, அவ்வெல்லையை அவர்களும் அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று.

வடிவத்தில் இப்படம் அமெரிக்கக் கௌபாய்ப் படத்தின் அகலத்திரையையும், முற்றுகைக் கதைகளில் வல்லவரான ஜான் கார்பென்டரின் பாணியையும் எடுத்தாள்கிறது. ஊர்ப் பள்ளிக்கு அவர் பெயரின் போர்ச்சுகீசிய வடிவமே சூட்டப்பட்டுள்ளது. படப்பிடிப்பு ரியோ கிராண்டே டோ நோர்ட்டே மாநிலத்தின் பாரா என்னும் உண்மையான சிற்றூரில் நிகழ்ந்தது. கார்மெலிட்டாவாகத் தோன்றுபவர் லியா தி இத்தமரக்கா, பெர்னம்புக்கோவின் வட்ட நடனப் பாடலான சிரண்டாவின் பெரும்புகழ் பாடகி. தெரேசாவில் தொடங்கும் கதை அவளையும் கூட்டத்துள் கலக்கவிட்டு, நாயகன் நாயகி என எவரையும் தனித்து உயர்த்தாமல், ஊரையே நாயகனாக்கிக்கொள்கிறது.

2018ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், இப்படத்தின் படப்பிடிப்பு முடிந்து சில மாதங்களே ஆன நிலையில், 1818ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் ரியோ டி ஜெனீரோவில் தீப்பற்றி எரிந்து, ஏறக்குறைய 2 கோடிப் பொருள்களில் பெரும்பகுதி சாம்பலாயிற்று. பராமரிப்புக்கு உரிய பணம் ஆண்டுக்கணக்கில் கிடைக்காத கட்டடம் அது. இச்செய்தியை மனத்தில் கொண்டு பார்ப்பவருக்குப் படத்தின் இறுதிப்பகுதியில் வரும் ஒரு சிறு காட்சி நீங்காமல் நிற்கும். சண்டை ஓய்ந்தபின் அருங்காட்சியகத்தைக் கழுவ வந்த பெண்களிடம், அதன் பொறுப்பாளர் தரையை மட்டும் துடைக்கச் சொல்கிறார். இரத்தம் தோய்ந்த கைத்தடங்கள் பதிந்த சுவர்களை அப்படியே விட்டுவிடச் சொல்கிறார்.