சுகர் உள்ளவருக்குத் தனித் தட்டு வேண்டாம்

(நோன்புக்கு முன்னதாக நம் டிரஸ்ட்டின் மருத்துவ உதவிக் குழு நடத்திய பெண்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



அன்புள்ள உம்மாமார்களே, லாத்தாமார்களே, தங்கச்சிமார்களே!

உங்களுக்குச் சமையல் கற்றுக் கொடுக்க நாங்கள் வரவில்லை. அந்தத் தைரியம் எங்களில் யாருக்கும் கிடையாது. மருத்துவ உதவி கேட்டு வருகிற மனுக்களை மாதம் ஒருமுறை உட்கார்ந்து படிக்கிறவர்கள் நாங்கள். காலில் ஆறாத புண், விரலை எடுத்தாகிவிட்டது, வாரத்துக்கு இரண்டு டயாலிசிஸ், பார்வை மங்கிவிட்டது என்று ஒவ்வொன்றும் வேறு வேறு மனுவாக வரும். உள்ளே படித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் ஒரே இடத்தில் போய் நிற்கும்: பத்துப் பதினைந்து வருஷமாகக் கட்டுக்குள் வராத சுகர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. தமிழ்நாட்டில் பெரியவர்களில் ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். நம் ஊரில் ஒரு விருந்தில் இரண்டு சஹன் விரித்தால் அதில் ஒருவராவது இருப்பார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டயாலிசிஸுக்குப் பணம் கொடுப்பது டிரஸ்ட்டின் வேலை. அது தொடரும், இன்ஷா அல்லாஹ். ஆனால் அந்த நிலை வராமல் தடுக்கக் கூடிய கை அடுப்படியில் இருக்கிறது. அதனால்தான் இன்றைக்கு டாக்டரை மட்டும் பேச விடாமல் நாங்களும் பேசுகிறோம்.

வீடுகளுக்கு நேரில் போய்ப் பார்க்கும்போது ஒரு காட்சி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. எல்லாருக்கும் நெய்ச்சோறும் இறைச்சி ஆணமும். வாப்பாவுக்கு மட்டும் தனியாக, ஒரு மூலையில், காய்ந்த சப்பாத்தி மூன்று. பிள்ளைகள் வட்டலப்பம் சாப்பிடும்போது அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு வீட்டில், கால் விரல் எடுத்த பெரியவர் ஒருவர் பேரப்பிள்ளையின் பிஸ்கட் பாக்கெட்டைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தார். மருமகள் சத்தம் போட்டார். அவர் ஒன்றும் பேசவில்லை. ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டே வளர்ந்த மனிதரைத் தனித் தட்டில் உட்கார வைத்தால் அவர் திருடித்தான் தின்பார். இத்தனைக்கும் அவருக்குக் கொடுத்த அந்த மூன்று சப்பாத்தியும் சுகரைக் குறைக்கிற சாப்பாடு அல்ல.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ‘இனிப்பு சாப்பிடவில்லை, அப்படியும் சுகர் ஏறுது’ என்று பலர் சொல்கிறார்கள். நாக்குக்கு இனிக்காத மாவுச்சத்தும் வயிற்றில் போய் குளுக்கோஸாகத்தான் மாறுகிறது. 100 கிராம் மைதாவில் சுமார் 75 கிராம் மாவுச்சத்து. கோதுமை மாவிலும் கேழ்வரகு மாவிலும் 65 முதல் 70 கிராம் வரை. நார்ச்சத்து கூடுதல் என்பதால் இவை மைதாவைவிட மேல், சந்தேகமில்லை. ஆனால் ‘கேழ்வரகு, அதனால் எவ்வளவும் சாப்பிடலாம்’ என்பது தவறு. ஒரு பெரிய தட்டுச் சோறு 300 கிராம் இருக்கும். அதில் 80 கிராமுக்கு மேல் மாவுச்சத்து. சோற்றை நிறுத்திவிட்டு நான்கு சப்பாத்தி சாப்பிட்டால் கணக்கு கிட்டத்தட்ட அதேதான்.

அதேபோல வெல்லம், கருப்பட்டி, நாட்டுச்சர்க்கரை, தேன். ‘இயற்கையானதுதானே’ என்று இவற்றைச் சுகர் உள்ளவர்களுக்கு அள்ளிக் கொடுக்கிறோம். கருப்பட்டிக்கு மணம் உண்டு, ருசி உண்டு, சீனியில் இல்லாத கொஞ்சம் தாதுச்சத்தும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியில் இருக்கும் அதே சர்க்கரைதான். ரத்தத்துக்கு அது பனைமரத்திலிருந்து வந்ததா, கரும்பிலிருந்து வந்ததா என்று தெரியாது.

கடையில் விற்கும் ‘சுகர் ஃப்ரீ’ பிஸ்கட்டும் இப்படித்தான். சீனி இருக்காது, மைதா இருக்கும். பாக்கெட்டின் முன்பக்கம் பெரிதாக எழுதியிருப்பதைப் படிக்காதீர்கள். திருப்பிப் பார்த்து, 100 கிராமுக்கு மொத்தக் கார்போஹைட்ரேட் எவ்வளவு என்ற வரியைப் படியுங்கள். 60, 70 என்று போட்டிருந்தால் அது சாதாரண பிஸ்கட்டின் தம்பி. மால்டிடால் என்ற பெயர் இருந்தால் இன்னும் கவனம்: அது கொஞ்சம் சுகரை ஏற்றும், அதிகம் சாப்பிட்டால் வயிற்றையும் கலக்கும்.

இனி சமையலுக்கு வருவோம். நம் பலகாரங்களில் மாவே இல்லாத ஒன்று இருக்கிறது. வட்டலப்பம். முட்டை, தேங்காய்ப்பால், ஏலக்காய், கருப்பட்டி. முதல் மூன்றிலும் மாவுச்சத்து மிகக் குறைவு. மாற்ற வேண்டியது ஒன்றே ஒன்றைத்தான். வழக்கமாக ஆறு முட்டைக்குக் கால் கிலோ கருப்பட்டி போடுகிறோம். எட்டுத் துண்டு போட்டால் ஒரு துண்டில் 30 கிராம். உலகச் சுகாதார நிறுவனம் ஒரு பெரியவர் ஒரு நாள் முழுக்கச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரையை 25 கிராமுக்குள் வைத்துக்கொண்டால் நல்லது என்கிறது. ஒரு துண்டிலேயே அது தாண்டிப் போகிறது.

நாங்கள் சொல்லும் அளவு இது. முட்டை ஆறு. ஒரு பெரிய தேங்காயின் கெட்டியான முதல் பால், 400 மில்லி. கருப்பட்டி 40 கிராம் மட்டும், நிறத்துக்கும் மணத்துக்கும். கொஞ்சம் வெந்நீரில் கரைத்து வடிகட்டியது. எரித்ரிடால் பொடி 80 கிராம், ஏலக்காய் நான்கு, ஒரு சிட்டிகை உப்பு. முட்டையை நுரை வர அடிக்காமல் கலக்கி, எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு முறை வடிகட்டி, பாத்திரத்தை மூடி, சிறு தீயில் 35 முதல் 40 நிமிஷம் ஆவியில் வேக வையுங்கள். தீ கூடினால் உள்ளே ஓட்டை ஓட்டையாகி நீர் விட்டுவிடும். கருப்பட்டிப் பாகு குறைவதால் இது பழைய வட்டலப்பத்தைவிடக் கொஞ்சம் வெளிறியும் மென்மையாகவும் இருக்கும். நன்றாக ஆறிய பிறகு வெட்டுங்கள். இப்போது ஒரு துண்டில் கருப்பட்டி 5 கிராம். இதை வீட்டில் எல்லாருக்கும் வையுங்கள். வாப்பாவுக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று என்று இரண்டு சட்டி வைக்காதீர்கள்.

இனிப்பூட்டி பற்றிக் கட்டாயம் கேட்பீர்கள், அதனால் முந்திக்கொண்டு சொல்லிவிடுகிறோம். எரித்ரிடால் பார்க்கச் சீனி மாதிரியே இருக்கும், இனிப்பு சீனியில் சுமார் 70 சதவீதம், ரத்தச் சர்க்கரையைப் பெரும்பாலும் ஏற்றாது. நாக்கில் ஒரு குளிர்ச்சி தெரியும். ஆறியதும் மணல் மாதிரி கட்டிவிடும் என்பதால் மிக்சியில் பொடித்துத்தான் சேர்க்க வேண்டும். 2023-இல் வந்த ஓர் ஆய்வு, ரத்தத்தில் இது அதிகம் இருந்தவர்களுக்கு மாரடைப்பு, பக்கவாதம் கூடுதலாக வந்ததைக் காட்டியது. இதுதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. இருந்தாலும் இதய நோய் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டுச் சேர்ப்பது நல்லது. சீனித்துளசி எனும் ஸ்டீவியாவும் சுக்ரலோஸும் சீனியைவிடப் பல நூறு மடங்கு இனிப்பு. சில துளி போதும். கூடினால் ஸ்டீவியா கசக்கும். அஸ்பார்டேம் அடுப்புச் சூட்டில் இனிப்பை இழந்துவிடும், கேக்குக்கு அது உதவாது. உலகச் சுகாதார நிறுவனம் 2023-இல், எடை குறைக்க இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று அறிவுறுத்தியது. ஏற்கெனவே சுகர் உள்ளவர்களைக் குறித்து அது சொல்லப்படவில்லை. எங்கள் கருத்து என்னவென்றால், எதை ஊற்றினாலும் இனிப்பின் அளவையே மாதத்துக்கு மாதம் குறையுங்கள். நாக்கு பழகிவிடும். பெருநாளில் பிள்ளைகள் ஒரு துண்டு சாப்பிடட்டும். தினமும் பாலில் இனிப்பூட்டி கலந்து பழக்க வேண்டாம்.

கேக் வேறு விஷயம். கேக்கில் சீனி இனிப்புக்கு மட்டும் இல்லை. ஈரத்தைப் பிடித்து வைப்பது, மேலே பொன்னிறம் கொடுப்பது, கெடாமல் காப்பது எல்லாம் அதன் வேலை. மைதாவில் உள்ள பசைச்சத்துதான் கேக்கைத் தாங்கி நிற்கிறது. இரண்டையும் எடுத்துவிட்டால் அந்த வேலையை முட்டை செய்ய வேண்டும். பாதாம் மாவில் செய்யச் சொல்கிறார்கள். நல்லதுதான்: 100 கிராம் பாதாமில் மாவுச்சத்து சுமார் 20 கிராம், அதில் பாதி நார்ச்சத்து. ஆனால் பாதாம் விலைக்கு நாங்கள் பார்க்கும் வீடுகளில் எத்தனை பேரால் வாங்க முடியும்? நிலக்கடலையும் தேங்காயும் அந்த வேலையைச் செய்யும். விலை பல மடங்கு குறைவு.

வறுத்துத் தோல் நீக்கிய நிலக்கடலை 150 கிராம். மிக்சியில் விட்டு விட்டு ஓட்டுங்கள், தொடர்ந்து ஓட்டினால் எண்ணெய் விட்டுக் களியாகும். உலர்ந்த தேங்காய்த் துருவல் 50 கிராம், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், உப்பு, ஏலக்காய். நான்கு முட்டையின் மஞ்சளை உருக்கிய வெண்ணெய் 60 கிராம், எரித்ரிடால் பொடி 80 கிராம், ஒரு ஸ்பூன் எலுமிச்சைச் சாறுடன் கலந்து, அதில் பொடிகளைச் சேருங்கள். வெள்ளைக் கருவைத் தனியாக நுரை நிற்கும்வரை அடித்துக் கடைசியில் மெதுவாகப் பிரட்டிச் சேருங்கள். ஓவனில் 160 டிகிரி, 35 நிமிஷம். ஓவன் இல்லையென்றால் குக்கரில் உப்புப் பரப்பி, மேலே ஒரு தட்டு வைத்து, கேஸ்கட்டும் வெயிட்டும் கழற்றிவிட்டு, தண்ணீர் ஊற்றாமல் சிறு தீயில் 45 நிமிஷம். (மூடி மேல் கங்கு போட்டுத் தம்மடை சுட்ட உம்மாமார்களுக்கு இதெல்லாம் ஒரு வித்தையா என்று கேட்பீர்கள்.) சூட்டில் வெட்டினால் உதிரும். சீனி இல்லாததால் நம் கடற்கரைப் புழுக்கத்தில் மறுநாளே கெடும், ஃபிரிட்ஜில் வையுங்கள். கடலை ஒத்துக்கொள்ளாதவர்கள் இருந்தால் இந்தக் கேக் வேண்டாம்.

தம்மடையை மாற்றுவது எப்படி என்று ஒரு லாத்தா கேட்டார். மாற்றாதீர்கள். ரவைதான் தம்மடை. அதை எடுத்துவிட்டு வேறு எதையாவது போட்டுத் தம்மடை என்று பெயர் வைப்பது நமக்குப் பிடிக்கவில்லை. பெருநாளில் எல்லாரும் ஒரு சிறு துண்டு சாப்பிடுங்கள், அந்த வேளைச் சோற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தினப்படிச் சாப்பாட்டில் சஹனின் அமைப்பை மாற்றினால் போதும். பாதி இடம் காய், கீரை. கால் பங்கு மீன், இறைச்சி, முட்டை. மீதிக் கால்தான் சோறு. காயும் மீனும் முதலில், சோறு கடைசியில் சாப்பிட்டால் சாப்பாட்டுக்குப் பிந்தைய சுகர் குறைவாக ஏறுவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. காசு செலவில்லாத வைத்தியம் இது. நோன்புக் கஞ்சியில் அரிசியைப் பாதியாக்கிப் பாசிப்பருப்பும் கொத்துக்கறியும் வெந்தயமும் கூட்டுங்கள். பேரீச்சம்பழம் ஒன்று போதும். ரோஸ்மில்க்கை விட்டுவிட்டு மோர் வையுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்த மாற்றங்களை மருந்து சாப்பிடுகிறவர்கள் திடீரென்று செய்யக் கூடாது. இன்சுலின், கிளிமெபிரைடு, கிளிபென்கிளமைடு எடுப்பவர்கள் மாவுச்சத்தை ஒரேயடியாகக் குறைத்தால் சுகர் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள் மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் கூடிவிடும், அளந்து பார்த்தால் சுகர் அவ்வளவு ஏறியிருக்காமலே கூட. சிறுநீரகம் பாதித்தவர்கள் இறைச்சி, பருப்பைக் கூட்டக் கூடாது. நோன்பு வைக்க நினைப்பவர்கள் இப்போதே டாக்டரைப் பாருங்கள், பிறை பார்த்த பிறகு அல்ல. நோன்பில் விரலில் குத்திச் சுகர் பார்ப்பதால் நோன்பு முறியாது என்றே பெரும்பாலான ஆலிம்கள் சொல்கிறார்கள். 70-க்குக் கீழே வந்தாலோ 300-க்கு மேலே போனாலோ நோன்பை விட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர்களின் வழிகாட்டல்.

எந்தப் பலகாரம் உங்கள் வீட்டு வாப்பாவுக்கு ஒத்துக்கொள்ளும் என்று எங்களைவிடக் குளுக்கோமீட்டர் சரியாகச் சொல்லும். சாப்பிடும் முன் ஒருமுறை, சாப்பிட ஆரம்பித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒருமுறை பார்த்து, என்ன சாப்பிட்டார் என்பதோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்து நாள் எழுதினால் போதும். மீட்டர் இல்லாதவர்கள் பக்கத்து அறையில் பெயர் கொடுங்கள், டிரஸ்ட்டிலிருந்து தருகிறோம். மாத்திரைச் சீட்டு கொண்டு வந்தவர்கள் முதலில் டாக்டரம்மாவிடம் காட்டிவிட்டு வாருங்கள். வாசல் பக்கம் மேசையில் வட்டலப்பமும் கடலைக் கேக்கும் வெட்டி வைத்திருக்கிறோம். ஒரே சட்டிதான், எல்லாருக்கும்.

வஸ்ஸலாம்.