கத்தியின்றிச் செய்யும் வயிற்று மருத்துவம்

(புதுதில்லியில் அரசு அலுவலர்களிடையேயும் மாணவர்களிடையேயும் ஆற்றப்பட்ட உரை)

ஊட்டக் குறைவு ஒன்றே இந்திய மக்களின் உடல்நலப் பிரச்சினை என்று கருதப்பட்ட காலம் உண்டு. இன்று அதன் அருகிலேயே உடற்பருமனும் வந்து நிற்கிறது. 2019-21 இல் நடத்தப்பட்ட ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 18.7 சதவிகிதத்தினர் எடை குறைந்தவர்கள். 24 சதவிகிதத்தினர் மிகை எடையோ உடற்பருமனோ உள்ளவர்கள். தில்லியில் இப்பின்கூறிய பிரிவினர் 41.3 சதவிகிதம், தமிழ்நாட்டில் 40.4 சதவிகிதம். நீரிழிவு, கல்லீரலில் கொழுப்புப் படிதல், பித்தப்பைக் கற்கள் ஆகியவை உடற்பருமனைத் தொடர்ந்து வருபவை. ஆகவே இது அழகைப் பற்றிய கவலையன்று. நாட்டின் உழைப்புத் திறனைப் பற்றிய கவலை.

கருவி வளர்ந்த கதை

1868 இல் ஜெர்மானிய மருத்துவர் குஸ்மவுல், வாள் விழுங்கும் வித்தைக்காரர் ஒருவரின் தொண்டை வழியே நேரான குழாயைச் செலுத்தி இரைப்பையைக் காண முயன்றார். போதிய வெளிச்சமும் இல்லை. குழாய் வளையவும் இல்லை. இவ்விரு தடைகளையும் நீக்க வழிகாட்டியவர்களுள் ஒருவர் இந்தியாவில் பிறந்தவர். பஞ்சாபில் மோகா நகரில் பிறந்த நரிந்தர் சிங் கபானி, லண்டனில் ஹாப்கின்ஸுடன் இணைந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தைக் கடத்த இயலும் என்று 1954 இல் வெளியிட்டார். அதைப் படித்த ஹிர்ஷோவிட்ஸ் என்னும் மருத்துவர் அமெரிக்காவில் 1957 இல் வளையும் எண்டோஸ்கோப்பை உருவாக்கினார். 1974 இல் ஜெர்மனியிலும் ஜப்பானிலும் இக்கருவியின் வழியாகவே பித்தநாளத்தின் வாயைத் திறந்து கல்லை அகற்றும் முறை வந்தது. நோயைக் காணும் கருவி அன்று முதல் நோயைத் தீர்க்கும் கருவியும் ஆயிற்று.

ஒரு மருத்துவரின் பணி

இத்துறையை இந்தியாவில் வளர்த்தவர்களுள் டாக்டர் டி. நாகேஸ்வர ரெட்டி முதன்மையானவர். 1956 இல் பிறந்த இவர் கர்நூல் மருத்துவக் கல்லூரியில் பட்டமும், சென்னை மருத்துவக் கல்லூரியில் பொது மருத்துவத்தில் எம்.டி. பட்டமும், சண்டிகர் முதுநிலை மருத்துவக் கழகத்தில் இரைப்பை-குடல் மருத்துவத்தில் டி.எம். பட்டமும் பெற்றார். பின்னர் ஐதராபாதில் ஆசிய இரைப்பை-குடல் மருத்துவக் கழகத்தை நிறுவினார். பித்தநாளம், கணையம் ஆகியவற்றின் நோய்களுக்கு எண்டோஸ்கோப் வழிச் சிகிச்சை அளிப்பதில் பெயர் பெற்றார். டாக்டர் ஜி. வி. ராவுடன் இணைந்து, வாய்வழியே இரைப்பையினூடாகச் சென்று குடல்வாலை அகற்றினார். மனிதரிடம் இவ்வகையில் செய்யப்பட்ட முதல் முயற்சிகளுள் அது ஒன்று. உலக எண்டோஸ்கோப்பி அமைப்பின் தலைவராகவும் பணியாற்றினார். நடுவண் அரசு அவருக்கு 2002 இல் பத்மஸ்ரீ, 2016 இல் பத்மபூஷண், 2025 இல் பத்மவிபூஷண் விருதுகளை வழங்கியது.

உடற்பருமனுக்கும் இதே வழி

உடற்பருமனுக்கு எண்டோஸ்கோப் வழியில் இரு முறைகள் முக்கியமானவை. ஒன்று, இரைப்பைக்குள் பலூனை வைத்து உப்பு நீரால் நிரப்பிச் சில மாதங்களுக்குப் பின் எடுத்துவிடுவது. மற்றொன்று, இரைப்பையின் சுவர்களை உள்ளிருந்தே தைத்து அதைக் குறுகிய குழாய்போல் ஆக்குவது. வயிற்றின் மேல் வெட்டுக் காயம் இல்லை. அமெரிக்காவில் நடத்தப்பட்டு 2022 இல் வெளியான ஆய்வொன்றில், தையல் முறைக்கு உட்பட்டோர் ஓராண்டில் சராசரியாக 13.6 சதவிகித எடையை இழந்தனர். உணவு, வாழ்க்கைமுறை மாற்றங்களை மட்டும் மேற்கொண்டோர் 0.8 சதவிகிதமே இழந்தனர். ஆயினும் சிகிச்சை பெற்றோரும் உணவுக் கட்டுப்பாட்டைக் கைவிட இயலாது.

செலவுக் கணக்கு

பித்தநாளக் கல்லுக்காக வயிற்றைத் திறந்து அறுவை செய்துகொண்ட கூலித் தொழிலாளி பல வாரங்கள் வேலைக்குச் செல்ல இயலாது. எண்டோஸ்கோப் முறையில் சில நாட்களில் திரும்பலாம். எனவே இதன் பயனை மருத்துவமனைக் கட்டணத்தைக் கொண்டு மட்டும் அளத்தல் தவறு. காப்பாற்றப்பட்ட கூலி நாட்களையும் சேர்த்தே அளத்தல் வேண்டும். ஆனால் கருவியும் பயிற்சி பெற்ற மருத்துவரும் பெருநகரில் மட்டுமே இருப்பின், பயணச் செலவும் உடன் வருபவரின் கூலி இழப்பும் அந்தப் பயனை விழுங்கிவிடும்.

மொத்தச் சுகாதாரச் செலவில் மக்கள் தம் கைப்பணத்திலிருந்து செலுத்திய பங்கு 2013-14 இல் 64.2 சதவிகிதமாக இருந்தது. 2021-22 இல் 39.4 சதவிகிதமாகக் குறைந்தது. 2018 இல் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. இவை வரவேற்கத்தக்கவை. எனினும் காப்பீடு கட்டணத்தைச் செலுத்தும், மருத்துவரை உருவாக்காது.

ஆகவே மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் எண்டோஸ்கோப் கருவியும், அதை இயக்கவும் தூய்மை செய்யவும் பழுதுபார்க்கவும் பயிற்சி பெற்றோரும் ஒருங்கே அமைதல் வேண்டும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும் வாங்கிய கருவி அறையில் பூட்டிக் கிடக்கும். உடற்பருமனைப் பொறுத்தவரை கோடிக்கணக்கானோருக்குத் தையல் போட எந்நாட்டாலும் இயலாது. பள்ளி உணவிலும் விளையாட்டுத் திடலிலும் செலவிடும் பணமே முதல் மருந்து. எண்டோஸ்கோப் அதற்கு அடுத்தது. இந்த வரிசையை மாற்றாமல் திட்டமிடுவதே அறிவுடைமையாகும்.